வெள்ளைக் கற்களை நம்பிய விமானம்

விமானம் வானத்தில் வழி தவறினால் ஊரே பேசும். தரையில் வழி தவறினால் சிரிப்பார்கள். தென் தமிழ்நாட்டில் ஒரு சின்ன விமான நிலையத்தின் கோபுரத்தில் முப்பது வருடம் உட்கார்ந்து, கீழே உருளும் விமானங்களுக்கு வலம் இடம் சொல்லி ஓய்வு பெற்றவள் நான். ஒருநாள் நல்ல அனுபவசாலியான ஒரு விமானி, நிறுத்துமிடத்துக்கு வருவதாக நினைத்துக்கொண்டு, பயணிகளோடு தீயணைப்பு வண்டிக் கொட்டகைக்கு முன்னால் வந்து மூக்கை நீட்டினார். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஊழியர் டம்ளரைக் கீழே வைக்காமலேயே எழுந்து நின்று சல்யூட் அடித்தார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்த விமானிக்கு ஏன் அப்படித் தோன்றியது என்ற கேள்வி என்னை விடவில்லை. வானத்தில் அத்தனை கவனமாக இருக்கிறவர், சக்கரம் தரையைத் தொட்டதும் மனத்தளவில் பாதி வீட்டுக்குப் போய்விடுகிறார். அதற்குமேல் கண் எதை எதிர்பார்க்கிறதோ அதைத்தான் பார்க்கிறது. ஓய்வுக்குப் பிறகு சிறிய விமான நிலையங்களுக்குப் போய் இதைப் பற்றி வகுப்பெடுப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது.

அதனால்தான் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. சண்டை ஓய்ந்து, சனங்கள் முகாம்களிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம். மன்னாருக்குத் தெற்கே, முசலிப் பக்கத்துக் கடலோரத்தில், ஒரு சிறிய நிறுவனம் ஒற்றை ஓடுபாதையை வைத்துக்கொண்டு பொறியாளர்களையும் நிவாரணப் பணியாளர்களையும் குட்டி விமானத்தில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. ஒரு மாலை, நான்கு பயணிகளோடு இறங்கிய அந்த விமானம், நிறுத்துமிடத்துக்குத் திரும்ப வேண்டிய இடத்துக்கு முன்பே இடப்பக்கம் திரும்பி, ஊர்க்காரர்களின் பாதைக்குள் புகுந்து மணலில் புதைந்துவிட்டது. யாருக்கும் காயமில்லை. ஏன் திரும்பியது என்று பார்த்து அறிக்கை எழுத வேண்டும்; ஊர்ச் சனத்தோடு பேசத் தமிழ் தெரிந்த ஆளாகவும் இருக்க வேண்டும். இரண்டு புடவையும் ஓர் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் நாளே வழி தவறியது நான்தான். தங்க ஏற்பாடாகியிருந்தது வங்காலையில். மன்னார் பேருந்து நிலையத்தில் வங்காலை வண்டி எது என்று கேட்டேன். அங்கே நின்றவர் கை காட்டிய திசையில் இரண்டு வண்டிகள் நின்றன. சன்னலோரம் காலியாக இருந்த வண்டியில் ஏறிவிட்டேன். வண்டி கிளம்பிய வேகத்தில் நின்றது. நடு வீதியில் மூன்று கழுதைகள், வெயிலைப் பொருட்படுத்தாமல், ஏதோ முக்கியமான விஷயத்தை யோசித்துக்கொண்டிருந்தன. எங்கள் ஓடுபாதையில் மயில் வரும், நரி வரும். வெடி போட்டு விரட்டுவோம். இந்த ஓட்டுநர் ஹார்ன்கூட அடிக்கவில்லை. கழுதைகள் யோசித்து முடிக்கும்வரை பக்கத்து இருக்கைக்காரரோடு மீன் விலை பேசினார்.

பேசாலையைத் தாண்டிய பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. நடத்துநரிடம் கேட்டேன். அவர் என்னையும் என் பையையும் பார்த்தார். "வங்காலை அங்கால பக்கம் அம்மா. இனி நீங்கள் கடல் வரைக்கும் போய்த்தான் திரும்ப வேணும்" என்றார். ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். விமானிகளுக்கு இடம் வலம் சொல்லிக்கொடுக்க வந்தவள் தலைமன்னார் வண்டியில் சொகுசாக உட்கார்ந்திருந்தேன். பின்னால் இருந்த இரண்டு பெண்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தலைமன்னாரில் இறங்கி, மீன் பணிஸ் என்கிற மீன் அடைத்த பன்னும் பிளேன்டீயும் சாப்பிட்டேன். பால் இல்லாத டீயை எங்கள் ஊரில் காய்ச்சல்காரருக்குத்தான் கொடுப்பார்கள். இங்கே அதுதான் டீ. கடலைப் பார்த்து நிற்கும்போது கைபேசி திடீரென்று உயிர் பெற்று, இந்தியச் சமிக்ஞையைப் பிடித்து, என் மகள் முந்தின நாள் அனுப்பிய செய்தியைக் காட்டியது. பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா என்று கேட்டிருந்தாள். படகில் வந்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன் வந்துவிடக்கூடிய தூரத்துக்கு, விமானமும் பேருந்துமாக ஒன்றரை நாள் சுற்றியிருக்கிறேன். சேரவில்லை, ஆனால் பத்திரம் என்று பதில் போட்டேன்.

வங்காலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வீட்டுக்கார பிலோமினா அக்கா, கடலுக்குப் போகும் கணவரோடும் மூன்று பூனைகளோடும் இருப்பவர். புட்டும் பாரை மீன் குழம்பும் வைத்தார். குழம்பில் தேங்காய்ப் பால் மணத்தது. எங்கள் பக்கம் மீனுக்குப் புளிதான், தேங்காய்ப் பால் விடுவதில்லை என்றேன். "அப்ப வெறும் புளித்தண்ணியிலயோ மீன் காய்ச்சுவியள்? பாவம்" என்றார், உண்மையிலேயே வருத்தப்பட்டு.

மறுநாள் ஓட்டோ பிடித்து ஓடுபாதைக்குப் போனேன். விமான நிலையம் என்று சொன்னால் அது வெட்கப்படும். ஒரு தார்ப் பட்டை, ஒரு தகரக் கொட்டகை, இங்கே கதிரை என்கிற பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு, காற்றுத் திசை காட்டும் ஒரு துணிக் குழாய். கோபுரம் இல்லை. எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர் ராசன். காவலாளியும் அவரே, புல் வெட்டுபவரும் அவரே, டிராக்டர் ஓட்டுநரும் அவரே. சின்ன வயதில் படகில் போய், தமிழ்நாட்டு முகாம் ஒன்றில் வளர்ந்து, தலை நரைக்கத் தொடங்கியபோது ஊர் திரும்பியவர். என் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. ஊரில் மற்றவர்களிடம் மன்னார்த் தமிழ் பேசினார், என்னிடம் எங்கள் தமிழ். இங்கே வந்த பிறகு ஒரு நல்ல பால் டீகூடக் குடிக்கவில்லை என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே முறையிட்டார்.

தார்ப் பட்டை வடக்கு தெற்காகக் கிடந்தது. மேற்கே கடலும் ஊரும். கிழக்கே வயல். இரண்டுக்கும் நடுவில் முள்ளும் வடலிப் பனங்கன்றுமாகப் புதர்க்காடு. விமானம் இறங்கி உருண்டு வந்து, இடப்பக்கம் திரும்பிக் கொட்டகைக்குப் போக வேண்டும். அதற்கு வழிகாட்ட ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்களாம். காலால் மணலைத் தள்ளித் தேடிப் பார்த்த பிறகு, மஞ்சளாக இருந்திருக்கலாம் என்று சொல்லக்கூடிய ஒரு கறை தெரிந்தது. பலகை எதுவும் இல்லை. ஆனால் அந்தத் திருப்பத்துக்குச் சற்று முன்னால், தாரின் ஓரத்திலிருந்து ஊர்ப் பக்கம், புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வெள்ளைக் கற்கள் இரண்டு வரிசையாகப் போயின. டிராக்டர் போகிற அகலம். வயல் பக்கமும் அதே மாதிரி இரண்டு வரிசை. நடுவில் தாரின் மேலேயே சுண்ணாம்புப் பட்டைகள். அந்த இடத்திலேயே நேர்த்தியான ஒரே விஷயம் அதுதான்.

இங்கே கல் பேசும் என்றார் ராசன். சிவப்புக் கல் இருந்தால் அங்கால் மிதிவெடி இன்னும் எடுக்கவில்லை. வெள்ளைக் கல்லுக்குள் எடுத்தாயிற்று, நடக்கலாம். அ ஆவன்னாவுக்கு முன்பே குழந்தைகள் படிப்பது இதைத்தான். வெள்ளைக் கற்களுக்கு வெளியே கொஞ்ச தூரத்தில் சிவப்புக் கற்கள் புல்லுக்குள் கிடந்ததை அப்போதுதான் பார்த்தேன். அதுவரை அளவு நாடாவோடு உல்லாசமாக நடந்துகொண்டிருந்த என் கால்கள் தாமாகவே தாரின் நடுவுக்கு வந்துவிட்டன.

புதர்க்காட்டை முழுதாகச் சுத்தம் செய்ய இன்னும் ஆள் வரவில்லை. ஊரிலிருந்து வயலுக்கு இந்த ஒரு பாதையை மட்டும்தான் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அதுவும் நிறுவனத்தின் ஓடுபாதையைக் குறுக்காகக் கடந்து போயிற்று. தாரில் கல் இல்லாததால், ஒரு பக்கம் ஏறிய சனம் பேசிக்கொண்டே சாய்ந்து நடந்து, மறுபக்கம் பத்தடி தள்ளி இறங்கியிருக்கிறது. ஒருநாள் ஒரு பெண் சிவப்புக் கல்லைத் தாண்டிக் காலை வைக்கப் போனதைச் செல்வராணி பார்த்திருக்கிறாள். அவள் அந்த ஊர்க்காரி. மிதிவெடி எடுக்கும் வேலையில் இருப்பவள். மறு ஞாயிற்றுக்கிழமை, யாரையும் கேட்காமல், கல் சுமந்து வந்து இரண்டு பக்க வரிசைகளையும் தாரின் விளிம்புவரை நீட்டி, நடுவில் சுண்ணாம்பும் அடித்துவிட்டாள்.

அன்று மாலை வேலை முடிந்து அவளே வந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். நாள் முழுக்க முழங்காலில் நின்று சிறு கரண்டியால் மண்ணைச் சுரண்டுகிறவள். நிற்கும்போதும் ஒரு காலைத் தளர்த்தித்தான் நின்றாள். கற்களை அவள்தான் வைத்தாளா என்று கேட்டேன். "ஓம். நான்தான் வைச்சனான்" என்றாள். அதற்கு மேல் கெஞ்சவும் இல்லை, விளக்கவும் இல்லை. மற்றதை நான்தான் கேட்டுக் கேட்டு வாங்கினேன். நிறுவனம் அவளுடைய வேலையிடத்துக்கு முறைப்பாடு எழுதியிருந்தது. உத்தரவில்லாமல் அடையாளம் வைப்பது அவர்கள் தொழிலில் பெரிய குற்றம். அறிக்கை வரும்வரை வேலை செய்யலாம்; கற்களால்தான் விமானம் தவறியது என்று நான் எழுதினால் வேலை போய்விடும். தாயும் ஒரு மகளும் அவள் கையைப் பார்த்து இருக்கிறார்கள். பாதையையும் கம்பி போட்டு அடைத்துவிடுவார்கள். பிறகு வயலுக்கு வீதியைச் சுற்றித்தான் போக வேண்டும். போய் வருவதற்குள் பாதிப் பொழுது போய்விடும். அரிவு வெட்டுக் காலம். கிழக்கே நெல் பழுத்துச் சாய்ந்து கிடந்தது.

அவள் சொல்லாத ஒன்றை ராசன் சொன்னார். விமானம் புதைந்த அன்று அதன் இரண்டு இறக்கைகளும் வெள்ளைக் கற்களைத் தாண்டிச் சிவப்புப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தனவாம். பயணிகள் இறங்கி, ஒருவர் படம் எடுப்பதற்காக இறக்கையைச் சுற்றிப் போகக் கிளம்பியிருக்கிறார். வேலையிலிருந்து வந்துகொண்டிருந்த செல்வராணி தூரத்திலிருந்தே கத்தி நிறுத்தி, ஒவ்வொருவராக, சக்கரத் தடத்தின் மேலேயே நடக்க வைத்துத் தாருக்குக் கொண்டுவந்தாளாம்.

மூன்றாம் நாள் என் வழக்கமான சோதனையைச் செய்தேன். தவறு நடந்த அதே பொழுதில், விமானியின் கண் இருந்த உயரத்தில் என் கண்ணை வைத்துக்கொண்டு, அவர் வந்த வழியே வருவது. விமானத்துக்குப் பதில் ராசனின் டிராக்டர். பெட்டியில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெற்கு முனையிலிருந்து வந்தேன். திரும்ப வேண்டிய இடத்தில் குரல் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். சூரியன் இடப்பக்கம் தாழ்ந்து கண்ணில் அடித்தது. தாரும் மணலும் ஒரே பளபளப்பு. அந்தப் பளபளப்பில் இரண்டு வெள்ளை வரிசைகள் மட்டும் பால் மாதிரித் தெளிவாகத் தெரிந்தன. திரும்புங்கள் என்றேன்.

ராசன் திரும்பவில்லை. வண்டியை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பிப் பார்த்தார். "அக்கா, இது இல்லீங்க" என்றார், என் மனம் நோகாதபடி மெதுவாக.

இரண்டு நாளாக அங்குலம் அங்குலமாக அளந்து வைத்த இடம். அந்தப் பாதைக்காகவே கடல் கடந்து வந்திருக்கிறேன். அப்படியும் அதற்குள்ளேயே திரும்பச் சொன்னேன். வெட்கத்தைவிட மகிழ்ச்சிதான் அதிகமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். விடை கிடைத்துவிட்டதே. விமானிக்கும் வெள்ளை என்றால் இந்தப் பக்கம் வா. ஊர்க்காரருக்கும் வெள்ளை என்றால் இந்தப் பக்கம் வா. இரண்டு பேரும் ஒரே கல்லை நம்பியிருக்கிறார்கள்.

அப்புறம் என் மூளை ஒரு படி மேலே போயிற்று. ஓடுபாதை மொழியில் சிவப்பு என்றால் நில். விமானம் வரும் நேரத்தில் மட்டும், ஊர்ப் பக்கப் பாதை தாரைத் தொடும் வாயில் ஒரு கயிற்றைக் குறுக்கே கட்டி, அதில் சிவப்புத் துணிகளைத் தொங்கவிட்டால் தீர்ந்தது. மறுநாள் காலை விமானம் வருகிறது; சோதித்துப் பார்த்துவிடலாம். ராசன் தலையைச் சொறிந்தார். "சிவப்பு வேணாங்க அக்கா. இந்தச் சனம் வேற மாதிரி யோசிக்கும்" என்றார். விமானம் நின்றதும் அவிழ்த்துவிடப் போகிறோம், என்ன யோசிக்கப் போகிறார்கள் என்று அவர் வாயை அடைத்தேன். செல்வராணியை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் இன்னும் வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. நான் காத்திருக்கவில்லை.

நான்காம் நாள் காலை, விடிந்தும் விடியாததுமாகக் கயிற்றைக் கட்டினோம். காற்றில் துணிகள் கண்காட்சி மாதிரிப் படபடத்தன. விமானம் வந்து இறங்கி, பாதையைத் தாண்டி, சரியான இடத்தில் திரும்பி, கொட்டகைக்கு முன்னால் வந்து நின்றது. எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது.

அன்று புதைந்த விமானத்தை ஓட்டியவரே இதையும் ஓட்டி வந்தார். கண்டிப் பக்கத்துச் சிங்களவர், ஐம்பது வயதுக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். எல்லோரும் அவரைக் கப்டன் என்றார்கள். பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, அன்றைக்கு எந்த இடத்தில் சந்தேகம் வந்தது என்று நான் கேட்டதற்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னார். சந்தேகமே வரவில்லை, அதுதான் தன்னைப் பயமுறுத்துகிறது என்றார். வெள்ளை வரிசைகளைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்ததாம். சக்கரம் புதையும்வரை எல்லாம் ஒழுங்காகவே இருந்ததாம். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "என் பெயரை எழுதுங்கள். அந்தப் பெண்ணின் பெயரை எழுதாதீர்கள். அவள் கத்தாவிட்டால் நான் பயணிகளை இறக்கி அப்படியே நடக்க விட்டிருப்பேன்" என்றார். முப்பது வருடத்தில் இப்படிச் சொன்ன விமானிகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

கப்டன் திரும்பிப் போனதும் கயிற்றை அவிழ்த்தோம். ராசன் வீட்டிலிருந்து வந்த சோற்றையும் கருவாட்டுச் சம்பலையும் வெற்றிவிருந்து மாதிரிச் சாப்பிட்டேன். சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் ஏதோ குறைகிறது என்று தோன்றியது. பாதையில் ஒரு ஈ காக்கை இல்லை. முந்தின இரண்டு நாளும் அரிவாளும் தண்ணீர்ப் போத்தலுமாகப் பெண்கள் போய் வந்துகொண்டே இருந்தார்கள். ராசனை ஊருக்குள் அனுப்பினேன். அவர் திரும்பி வரும்போது நடையே சரியில்லை.

காலையில் வெட்டுக்கு வந்த பெண்கள் சிவப்புத் துணியைப் பார்த்ததும், ஒரு வார்த்தை பேசாமல், வந்த வழியே திரும்பிவிட்டார்களாம். சிலர் வீதியைச் சுற்றிப் போனார்கள். பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். மதியத்துக்குள் பாதையில் மிதிவெடி கண்டுபிடித்தார்கள் என்று ஊர் முழுவதும் கதை. இந்தியாவிலிருந்து ஒரு பெண் அதைத் தேடத்தான் நாடாவோடு வந்தாளாம்.

மாலை செல்வராணி வந்தாள். வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. "நீங்களோ சிவப்பு கட்டினது?" என்று கேட்டாள். ஆமாம், ஆனால் அவிழ்த்தாயிற்று என்றேன்.

"கயித்தைக் கழட்டிப்போட்டியள். சனத்தின்ர மனசில இருந்து கழட்டேலாது அம்மா. சிவப்பு கண்ட இடத்தில இனி நான் வெள்ளை வைச்சா ஆர் நம்புவினம்? இந்தப் பாதையில சனத்தை முதல் முதல் நடக்கப் பண்ண எனக்கு ஒரு மாசம் எடுத்தது."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நான் கூனிக் குறுகிப் போனேன். வெள்ளை என்றால் இவர்களுக்கு என்ன என்று இரண்டு நாள் விசாரித்துக் குறிப்பு எடுத்தவள், சிவப்பு என்றால் என்ன என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. வயதில் அவள் என் மகள் மாதிரி. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அதை வாங்கிக்கொண்டாளா என்று முகத்தில் தெரியவில்லை. இப்போது என்ன செய்யலாம் என்றேன். அவளுடைய மேற்பார்வையாளரைக் கருவியோடு வரவழைத்து எல்லோர் முன்னாலும் பாதையைச் சோதித்துக் காட்டலாமா?

"மெசினோட வந்தா, கட்டாயம் இருக்குது எண்டே முடிவு கட்டிப்போடுவினம்."

அப்படியானால் அவளே நடந்து காட்டலாமே என்றேன். அதற்கும் தலையை ஆட்டினாள். "நான் நடந்தா, அவளுக்குக் கால் வைக்கிற இடம் தெரியும் எண்டு சொல்லுவினம். ஒண்டும் தெரியாத ஆள்தான் நடக்க வேணும்."

அவள் என்னைப் பார்த்தாள். ராசன் என்னைப் பார்த்துவிட்டு, கண்ணைத் துணிக் குழாய் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வங்காலைக்குத் திரும்பியதும் பிலோமினா அக்காவின் முற்றத்தில் உட்கார்ந்தேன். வேலியில் வலை காய்ந்தது. அதன் மேல் விளிம்பில் மஞ்சள் நிற மிதப்புகள் வரிசையாகக் கோத்திருந்தன. அக்காவின் கணவரிடம் இந்தப் பக்கம் மஞ்சளுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "மஞ்சள் எண்டா மிதப்பு. வேற என்ன?" என்றார். யாரும் பயப்படாத ஒரு நிறம் கிடைத்ததே என்று எனக்கு உயிர் வந்தது. பழைய வலையிலிருந்து மிதப்புக் கயிறு ஒன்றை அறுத்துக் கொடுத்தார். விமானம் வரும்போது பாதையின் வாயில் கட்ட அது போதும். இந்த முறை முதலில் செல்வராணிக்குத் தொலைபேசியில் சொல்லி, அவள் சரி என்ற பிறகே கையில் எடுத்தேன்.

அங்கேயே அறிக்கையையும் எழுதினேன். இந்த ஓடுபாதையில் இரண்டு தவறுகள் நடந்தன, இரண்டாவது தவறு என்னுடையது என்று தொடங்கினேன். வழிகாட்டும் கோட்டை மணல் மூடும்வரை விட்டுவிட்ட இடத்தில், விமானியின் கண்ணுக்கு இருந்த ஒரே வழி செல்வராணி மனிதர்களுக்காகப் போட்ட வழி. அவள் கற்கள் விமானத்துக்குப் போட்டவை அல்ல. விமானத்துக்கு எதுவுமே போடப்படவில்லை. அந்தக் கற்களும் அவள் குரலும் இல்லாவிட்டால் நான்கு பயணிகள் என்ன ஆகியிருப்பார்கள் என்பதையும் எழுதினேன். கற்கள் இருக்க வேண்டும். மஞ்சள் கோட்டைப் புதிதாகப் போட வேண்டும். பலகை வைக்க வேண்டும். நிறுவனத்தின் மேலாளர் தொலைபேசியில் கேட்டுவிட்டு, வெளியாள் ஒருத்தி வைத்த கல்லால்தான் எல்லாம் நடந்தது என்று சுருக்கமாக முடிக்கலாமே என்றார். டிராக்டரில் வந்து அதே இடத்தில் திரும்பச் சொன்னவள் நான் என்றேன். சரி, அனுப்புங்கள் என்றார் அவர்.

ஐந்தாம் நாள் காலை. செல்வராணியின் மேற்பார்வையாளர், கருவி இல்லாமல், வெறுங்கையோடு ஊர்ப் பக்கம் வந்து நின்றார். அறிக்கையின் பிரதியை நின்றபடியே படித்தார். இனி இந்தக் கற்கள் தங்கள் பிரிவின் கற்கள் என்றும், அவளே சீருடையோடு அவற்றை ஒழுங்குபண்ணட்டும் என்றும் சொன்னார். அவள் தலையை மட்டும் அசைத்தாள். அவள் பார்வை பாதையின் ஊர் முனையில் கூடியிருந்த பெண்கள் மேல் இருந்தது. இருபது பேர் இருப்பார்கள். கையில் அரிவாள் இருந்தது, காலில் அசைவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். இவர்கள் கண்டது சூடு மட்டும் இல்லை.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்தப் பாதையில் ஒன்றும் இல்லை, முந்தாநாள்வரை டிராக்டர் போன பாதை என்று என் அறிவு சொல்லிக்கொண்டே இருந்தது. அப்படியும் மணலில் அடியடியாகக் கண்ணால் தேடிக்கொண்டிருந்தேன். செல்வராணி அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்: "கீழ பாக்காதேங்கோ. நீங்கள் கீழ பாத்தா அவை நம்பாயினம்."

செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். தூரத்தில் ஓடுபாதையின் துணிக் குழாயை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். மணல் குளிர்ச்சியாக இருந்தது. பாதி வழியில், புதர்ப் பக்கத்திலிருந்து ஒரு வடலி ஓலை என் முகத்துக்கு நேராகப் பாதைக்குள் சாய்ந்திருந்தது. புடவை கிழியுமே என்ற பழக்கத்தில் ஓரடி வலப்பக்கம் விலகி, மறுபடி நடுவுக்கு வந்து நடந்தேன். கால் தாரைத் தொட்டதும்தான் மூச்சு விட்டேன்.

திரும்பிப் பார்த்தேன். சிறிது நேரம் யாரும் அசையவில்லை. பிறகு ஒரு பெண் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, என் முதல் காலடித் தடத்தில் தன் காலை வைத்தாள். அடுத்த தடத்தில் அடுத்த கால். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஓலை இருந்த இடத்தில் முதல் பெண் விலகினாள். இரண்டாமவளும் விலகினாள். அந்த ஓலை தலைக்கே எட்டாத ஒரு குள்ளமான பெண், தேவையே இல்லாமல், அதே இடத்தில் ஓரடி வலப்பக்கம் விலகி, அதே இடத்தில் நடுவுக்குத் திரும்பினாள்.

செல்வராணியும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தியிடமிருந்து அரிவாளை வாங்கிக்கொண்டு போய், வெள்ளைக் கல்லுக்குள்ளேயே நின்றபடி கையை நீட்டி, அந்த ஓலையை வெட்டிப் போட்டாள்.

ஓலை போன பிறகும், பின்னால் வந்த பெண்கள் எல்லோரும் அங்கே ஓரடி விலகித்தான் நடந்தார்கள்.